முதல் துளி

எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மேடை. அவர் நிற்கிற இடம் எதுவானாலும் மேடையாகிவிடும். லிஃப்டுக்குள் நாலு பேர் அகப்பட்டால் போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். மைக் இல்லாவிட்டால் பேனாவை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொள்வார். அந்த மனிதர் கடைசியாக ஒரு சோதனையைத் தன் கையால் முழுசாகச் செய்தது எப்போது என்று தரை துடைக்கிற அம்மாவைக் கேட்டேன். எங்கள் எல்லோரையும்விட அதிக வருஷம் அங்கே இருப்பவர் அந்த அம்மாதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவருக்குச் செய்யத் தெரியுமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நாங்கள் செய்வது ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சி. உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் சாகத் தெரியும். பழுதாகிப்போன செல்லை முடித்துக்கட்டுகிற புரதங்கள் அதற்குள்ளேயே தயாராகக் காத்திருக்கின்றன. அவற்றின் கையைப் பிடித்து நிறுத்திவைக்கிற புரதங்களும் உள்ளேயே உண்டு. பிசிஎல்-2 என்பது அவற்றில் பேர்போனது. நல்ல செல்லில் இரண்டு தரப்பும் அளவோடு இருக்கும். புற்றுநோய் செல்லில் காப்பாற்றுகிற தரப்பு கட்டுக்கடங்காமல் பெருத்துவிடும். சாக வேண்டிய செல் சாகாது. உருப்படியாக ஒரு வேலையும் செய்யாது. இடத்தை அடைத்துக்கொண்டு, தன்னைப்போலவே இன்னும் பத்தைப் பெற்றுப்போட்டுக்கொண்டு இருக்கும். ஓய்வு வயதுக்குப் பிறகு மூன்று தடவை பதவி நீட்டிப்பு வாங்கிய எங்கள் தலைவரைத் தினமும் பார்க்கிற எனக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமே இருந்ததில்லை.

பிசிஎல்-2வின் பிடியைத் தளர்த்துகிற மாத்திரை ஒன்று இருக்கிறது. நல்ல மருந்து, அதை நான் குறை சொல்ல மாட்டேன். பிடி தளர்ந்ததும் உள்ளே காத்திருந்த புரதம் தன் வேலையை முடித்துவிடும். ஆனால் எல்லா நோயாளிகளின் செல்லும் பிசிஎல்-2வை நம்பிப் பிழைப்பதில்லை. சில பேருக்கு எம்சிஎல்-1 என்று அதற்கு ஓர் உடன்பிறப்பு, அது தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவருக்கு இந்த மாத்திரையும் ஒன்றுதான், பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான்.

யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று முன்கூட்டியே பார்க்கிற சோதனைதான் மேடைக்குப் புகழ் தேடித் தந்தது. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து ஒரு டியூபில் போட வேண்டும். அதில் மருந்தைச் சொட்டி, கொஞ்ச நேரம் கழித்துச் சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கிற செல் திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும், செத்தது சிவப்பாக. சிவந்தால் மாத்திரை கொடுக்கலாம். பச்சையாகவே இருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் இதைச் செய்தவள் நான். மஜ்ஜை வந்த கையோடு உட்கார்ந்துவிடுவேன். மருந்து போட்ட டியூபுக்குப் பக்கத்தில் வெறும் உப்புநீர் விட்ட டியூப் ஒன்றும் இருக்கும். வெறும் டியூப் என்போம். அதில் செல்கள் பச்சையாக இருந்தால்தான், மற்றதில் செத்தவை மருந்தால் செத்தவை என்று அடித்துச் சொல்ல முடியும். ஒவ்வொரு தடவையும் வெறும் டியூப் பச்சையாகவே இருந்தது. கட்டுரை வெளிவந்தது. அழைப்புகள் குவிந்தன, சால்வைகள் குவிந்தன, மேடையின் அறையில் ஷீல்டு வைக்க இடமில்லாமல் நூல்களைத் தூக்கி வராந்தாவில் போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. ஒவ்வொரு நோயாளியின் டியூபிலும் மருந்தின் முதல் துளியைத் தன் கையால்தான் விட வேண்டும். கோட்டு மாட்டிக்கொண்டு வருவார், துளியை விடுவார், கண்ணை ஒரு கணம் மூடுவார், போய்விடுவார். பார்வையாளர்கள் வந்தால் படம் பிடிப்பார்கள். அவர் வராமல் யாரும் தொடங்கக் கூடாது. காலையில் எடுத்த மஜ்ஜை, அவர் எங்கேயோ ரிப்பன் வெட்டி, வாழ்த்துரை வழங்கி, சாப்பிட்டுவிட்டு வருகிறவரை ஸ்டாண்டில் காத்துக்கிடக்கும். உடம்பைவிட்டு வெளியே வந்த செல் எத்தனை நேரம் தாங்கும்? பிசிஎல்-2 என்ன, அவன் பாட்டன் வந்து கையைப் பிடித்தாலும் அது செத்துத்தான் போகும். அவர் துளி விடும்போது பாதி செத்திருக்கும், சாயம் விடும்போது மீதியும் செத்திருக்கும். திரை செக்கச்செவேல் என்று சிவக்கும். எல்லோருக்கும் மாத்திரை பலிக்கும் என்று முடிவு வரும்.

வெறும் டியூப் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும், ஏனென்றால் அதுவும் சிவந்திருக்கும். ஆனால் அதை அவர் ஏற்கனவே நிறுத்திவிட்டார். எப்போதும் பச்சையாகத்தானே இருக்கிறது, அதற்கு எதற்கு மஜ்ஜையை வீணாக்க வேண்டும் என்றார். நான் வாராந்திரக் கூட்டத்தில் எழுந்து, காத்திருப்பதால் செல் சாகிறது, வெறும் டியூபைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றேன். "மஜ்ஜை என்ன, குழாயைத் திறந்தா கொட்டுறதா?" என்று கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அவருடைய உதவியாளனும் சிரித்தான். அவனுக்குத் தலையாட்டி என்று பெயர், காரணம் சொல்லத் தேவையில்லை. அடுத்த வாரம் என்னை எலிகள் வளர்க்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். எலிகளோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் அத்தானுக்கு நோய் வந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். பாதி ஊருக்கு அவர்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த வண்டிகளில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். வாழ்நாள் முழுக்க அதை மிதித்து மிதித்து அவர் வலது காலுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும், டிவியில் கார் வந்தாலும், யாராவது யார்மேலாவது மோதப்போகிறார்கள் என்று பட்டால் அந்தக் கால் தானாகத் தரையை அழுத்தும். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அவர் மஜ்ஜையும் எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. அன்றைக்கு மேடை ஒரு பல் ஆஸ்பத்திரியைத் திறந்துவைக்கப் போயிருந்தார். மத்தியானத்துக்குமேல் வந்து முதல் துளி விட்டார். திரை சிவந்தது. நான் அத்தானின் டாக்டரிடம் ஓடினேன். நாம் என்ன சொன்னாலும் சரிம்மா என்பார், ஆகவே அவர் சரிம்மா டாக்டர். சோதனையை நம்பாதீர்கள், மஜ்ஜை காத்துக்கிடந்து செத்தது என்றேன். சரிம்மா என்றார். கடினமான ஊசி மருந்தையே கொடுங்கள் என்றேன். அதற்கும் சரிம்மா என்றார். பிறகு மாத்திரையை எழுதிக்கொடுத்தார். பெரியவரின் கையெழுத்து இருக்கிறது, மாத்திரையே போதும் என்கிறபோது எதற்கு உடம்பை வருத்த வேண்டும் என்றாராம். அக்கா என்னிடம்தான் கோபித்துக்கொண்டாள். "ஆபீஸ் சண்டையை வீட்டுக்குக் கொண்டு வராதே. அவருக்கு மாத்திரை ஒத்துக்கும்னு அவ்வளவு பெரிய மனுஷர் சொல்றாரு" என்றாள். அந்தப் பெரிய மனுஷருக்கு அத்தானின் பெயர்கூடத் தெரியாது என்று சொல்ல வந்ததை முழுங்கிக்கொண்டேன்.

வாரங்கள் போயின. மாத்திரை வாங்குகிற இடத்தில் அத்தானுக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார், பேக்கரி வைத்திருக்கிறவர். இவருக்கு முன்பே அதே சோதனை செய்து, அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் யாருடைய மாத்திரை பெரியது என்று ஒப்பிட்டுச் சிரிப்பார்கள். அத்தான் மெலிந்துகொண்டே போனார். ரத்தத்தில் கெட்ட செல்கள் கொஞ்சம் இறங்குவதுபோல் பாசாங்கு காட்டிவிட்டு முன்னைவிட அதிகமாக ஏறின. மறுபடியும் மஜ்ஜை எடுத்துச் சோதனை செய்வோம், இப்போதும் சிவந்தால் மாத்திரையைக் கூட்டிக்கொடுத்துப் பார்க்கலாம், பச்சையாக இருந்தால் ஊசிக்கு மாறலாம் என்றார் சரிம்மா டாக்டர். பச்சை வரவே முடியாது என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை சிவந்தால் ஊசியைத் தாங்குகிற தெம்பும் அத்தானுக்கு மிஞ்சாது.

நானே தனியாகச் செய்து முடிவைத் தருகிறேன், ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டேன். தலைவர் கையெழுத்து இல்லாமல் எப்படிம்மா என்றார். முதல் தடவையாக அவர் சரிம்மா சொல்லவில்லை, அதுவும் என்னை மறுப்பதற்காக.

மஜ்ஜை எடுக்கிற நாள் குறித்தார்கள். அன்றைக்கே ஆய்வகத்துக்கு நன்கொடையாளர்கள் வருவதாக இருந்தது. முதல் துளியை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், டாக்டர்களும் வர வேண்டும், திரையில் நேரடியாகக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. தலையாட்டி எலிப் பிரிவுக்கு வந்து என்னைக் கூப்பிட்டான். வருகிறவர்களில் பெண்கள் இருக்கிறார்களாம், அதனால் மருந்தை எடுத்துக் கொடுக்க ஒரு பெண் விஞ்ஞானி பக்கத்தில் நிற்க வேண்டுமாம், படத்துக்கு நன்றாக இருக்குமாம். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் மேடம், பாட்டிலை எடுத்துக் குடுத்தா போதும்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, வருகிறேன் என்றேன்.

அன்று சாயங்காலமே அத்தானைப் பார்க்கப் போனேன். அக்கா சமையலறையில் இருந்தாள். என்ன செய்யப்போகிறேன் என்று அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். மஜ்ஜையில் பாதியை வாங்கி உடனே சரியாகச் சோதிப்பேன். மீதிப் பாதி மேடைக்காகக் காத்திருக்கும், அதில் மருந்தே விழாது. ஆஸ்பத்திரி கணக்கில் சேர்கிற சோதனை அந்தப் பாதிதான், அது கெட்டுப்போகும், நான் நினைத்தபடி நடக்காவிட்டால் இன்னொரு தடவை எலும்பைக் குத்த வேண்டியிருக்கும் என்றேன். அவர் இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"குத்துறது என் எலும்பைத்தானே. நான் சொல்றேன், செய்" என்றார். "ஆனா அக்காகிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்."

மறுநாள் மஜ்ஜை எடுத்த அறை வாசலிலேயே நின்றேன். பாதியை எலிப் பிரிவுக்குக் கொண்டுபோய் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் இரண்டு டியூபில் போட்டேன், மாத்திரையின் மருந்து ஒன்றில், உப்புநீர் ஒன்றில். சாயம் விட்டுப் பார்த்தேன். இரண்டும் பச்சை. அப்பட்டமான பச்சை. மாத்திரை அந்தச் செல்களை ஒன்றும் செய்யவில்லை. இத்தனை வாரமாக அத்தான் முழுங்கியது வீண் என்பதைத் தெரிந்துகொண்டு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். பிறகு அதே அறையில் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழவும் செய்தேன்.

மேடை சொன்ன நேரத்துக்கு வரவில்லை. என்றைக்கு வந்தார்? நன்கொடையாளர்கள் ஜூஸ் குடித்தார்கள், எங்கள் கண்ணாடி ஜன்னல்களைப் பாராட்டினார்கள். ஸ்டாண்டில் அத்தானின் மீதி மஜ்ஜை செத்துக்கொண்டிருந்தது. ஒருவழியாக வந்தார். புதுக் கோட்டு, அதன் பையில் புதுப் பேனா. சாவதற்கு மறுக்கிற செல்லைப் பற்றியும் அதைத் தான் எப்படி அடக்கினார் என்பதைப் பற்றியும் நீளமாகப் பேசினார். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் துடைப்பார் என்று எங்களுக்கு மனப்பாடம்.

நான் சொட்டு பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். அதன்மேல் உப்புநீர் என்று கொட்டை எழுத்தில் நானே எழுதி ஒட்டியிருந்தேன். ஒளித்து ஏமாற்றுகிற எண்ணம் எனக்கு இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கையில் இருப்பதைப் பார்த்திருந்தால் போதும். அவர் கேமராவைப் பார்த்தார். முதல் துளியை விட்டார். கண்ணை மூடினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

செல்கள் ஊறுகிற நேரத்தை இன்னொரு சொற்பொழிவால் நிரப்பினார். தலையாட்டி சாயம் விட்டு, டியூபிலிருந்து ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தான். சுவரளவு திரை சிவந்தது. எங்கேயோ ஒன்றிரண்டு பச்சைப் புள்ளிகள், அவ்வளவுதான்.

"பாருங்க, மருந்து எப்படி வேலை செஞ்சிருக்கு" என்றார் மேடை. "இந்த நோயாளி அதிர்ஷ்டசாலி. இவருக்கு மாத்திரை மட்டுமே போதும்." மூன்றாவது வரிசையில் சரிம்மா டாக்டர் தலையசைத்தார்.

"சார், அதுல மருந்தே இல்ல" என்றேன். "நீங்க விட்டது உப்புத் தண்ணி. பாட்டில்ல எழுதியிருக்கு."

அவர் பாட்டிலைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த பெண்மணி எட்டி வாசித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் யாரையும் கேட்காமல் காலையில் எடுத்த படங்களைத் திரையில் போட்டேன். இதே மனிதரின் மஜ்ஜை, எடுத்த கையோடு பார்த்தது, மருந்து போட்டும் பச்சை, போடாமலும் பச்சை என்றேன். மதியம்வரை உங்களுக்காகக் காத்திருந்த மஜ்ஜை ஒரு சொட்டு மருந்தும் இல்லாமலே செத்துவிட்டது, இத்தனை நாளாக நீங்கள் திரையில் காட்டியது இந்தச் சாவைத்தான் என்றேன்.

வேறு எவனாக இருந்தாலும் தரை பிளந்து உள்ளே போயிருப்பான். மேடை பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு புன்னகை செய்தார். கையை விரித்து என்னைச் சுட்டிக்காட்டினார்.

"இதைத்தான் இன்னைக்கு உங்களுக்குக் காட்டணும்னு நினைச்சேன்" என்றார். "விஞ்ஞானத்துல தலைவரையே கேள்வி கேக்கலாம். இங்க அந்தச் சுதந்திரம் இருக்கு."

அவர்கள் முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். கை தட்டாத ஒரே ஆள் சரிம்மா டாக்டர். நேராக என்னிடம் வந்து, காலைப் படங்களை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பார்த்தார். வேறு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மறுநாளே அத்தானின் மாத்திரை நின்றது, ஊசி மருந்து தொடங்கியது.

அது கொடுமையான மருந்து. எம்சிஎல்-1ஐ நம்பிப் பிழைக்கிற செல்லையும் விட்டுவைக்காது, நல்ல செல்லையும் விட்டுவைக்காது. அத்தானுக்கு முடி கொட்டியது, வாயெல்லாம் புண், ஸ்பூன் கஞ்சி இறங்க அக்கா அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் கெட்ட செல்கள் இறங்கின. இந்தத் தடவை பாசாங்கு இல்லை. அக்கா என்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை. எனக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொண்டுவந்தாள், அது போதும்.

பேக்கரிக்காரரும் அதே வார்டுக்கு வந்துசேர்ந்தார், அத்தானுக்கு அடுத்த கட்டில். ரத்தம் குறைந்துபோய்ப் படுத்திருந்தார். மாத்திரையை மட்டும் விடவில்லை.

இதற்குள் மேடை ஊர் ஊராகப் போய் வெறும் டியூபின் மகத்துவத்தைப் பேச ஆரம்பித்திருந்தார். அந்தப் பேச்சில் என் பெயர் இல்லை, எலிகள்கூட வந்தன. ஒருநாள் படம் பிடிக்கிறவனோடும் தலையாட்டியோடும் வார்டுக்கே வந்துவிட்டார். வெறும் டியூபால் பிழைத்த மனிதரோடு ஒரு படம் வேண்டுமாம். அத்தானின் தோளில் கையைப் போட்டார். அத்தான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். வாய்ப்புண்ணால் வார்த்தைகளை மெதுவாகத்தான் சொல்ல முடிந்தது.

"எனக்கு முன்னாடி இதே சோதனையைச் செஞ்சு மாத்திரை குடுத்தீங்களே சார், அவங்களுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?"

அது விரிவான மறு ஆய்வாக வரப்போகிறது, அடுத்த மாநாட்டில் அறிவிப்போம் என்றார் மேடை. தலையாட்டி தலையை ஆட்டினான்.

அடுத்த கட்டிலில் பேக்கரிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். ஒரு கையில் தண்ணீர் டம்ளர், இன்னொரு கையில் மாத்திரை. "எனக்கும் அந்தச் சோதனைதானே செஞ்சீங்க" என்றார். "இதை இப்ப நான் முழுங்கறதா, வேண்டாமா?"

மேடை படம் பிடிக்கிறவனைப் பார்த்தார், பிறகு தலையாட்டியைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையாவது எதிர்பார்த்து நின்றது அப்போதுதான். நான் பேக்கரிக்காரரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு முழுங்கிடுங்க, நிறுத்தறதா இல்லையான்னு டாக்டர்தான் சொல்லணும். அவர்கிட்ட இப்பவே போறேன்" என்றேன். "நாளைக்குக் காலையில மஜ்ஜை எடுக்கச் சொல்றேன். எடுத்த கையோட நானே பாத்துடறேன், வெறும் டியூபோட சேர்த்து."

மேடையின் முகம் மலர்ந்தது. கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"ரொம்ப நல்லது" என்றார். "காலையில எனக்கு ஒரு சின்ன திறப்பு விழா இருக்கு. முடிச்சிட்டு முதல் துளிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் ஆரம்பிச்சிடாதீங்க."

போர்வைக்கு அடியில் அத்தானின் வலது கால் கட்டில் கம்பியை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது.